நடுவில் நிற்கும் குரல்

இரவு எட்டே முக்கால் மணி. மதுக்கரையைத் தாண்டி, பாலக்காடு ரோட்டிலிருந்து மலைப்பக்கமாகப் பிரிகிற ஒரு தனி ரோடு. இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குச் சோளத்தட்டு. ஒரு விளக்குக் கம்பம்கூடக் கிடையாது. அந்த ரோட்டில் ஒரே ஒரு கார்... மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது.

யுஸ்ரா, போனை எடுத்து வெளிச்சம் காட்டாதே. கரண்ட் வரும்போது வரட்டும். எல்லாரும் இன்னும் கொஞ்சம் கிட்டே வாருங்கள்.

இது நான் கட்டிவிட்ட கதை இல்லை. நம் புவனாவின் சொந்த அண்ணன் கிருபாசங்கருக்குப் போன ஆடியில் நடந்தது. அவள் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள். நான் தப்பாகச் சொன்னால் அவள் திருத்தட்டும்.

கிருபாசங்கர் பீளமேட்டில் ஒரு பம்ப் கம்பெனியில் இன்ஜினியர். பாட்டுப் பைத்தியம் என்று சொல்வார்கள். அது சரியில்லை. அவனுக்குப் பைத்தியம் பாட்டின்மேல் இல்லை, பாடுகிற பெட்டியின்மேல். கல்யாணமான முதல் தீபாவளிக்குப் பெண்டாட்டிக்குப் பட்டுச்சேலை எடுக்கப் போனவன், ஒரு ஜோடி பழைய ஸ்பீக்கரோடு வீட்டுக்கு வந்தான். லோகப்பிரியா வாசலில் நின்று அதை ஏற இறங்கப் பார்த்தாளாம்.

"ஏனுங்க, இதையவே கட்டிட்டு எங்கம்மா ஊட்டுக்கு வரட்டுங்களா?"

ஆனால் அவனிடம் ஒரு நல்ல பழக்கம் உண்டு. நன்றாக இருக்கிற எதையும் அவனால் தனியாகக் கேட்க முடியாது. இரண்டாவது பாட்டு முடிவதற்குள் சமையல்கட்டுக்கு ஓடிவருவான். மாவுக் கையோடு அவளை இழுத்துப்போய்த் தன் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, தான் பக்கத்தில் நின்றுகொள்வான். "இங்க உக்காந்து கேளு லோகு... இங்க." அவள் திட்டிக்கொண்டே போவாள். திட்டிக்கொண்டே கேட்பாள்.

அந்த நாற்காலி ஏன் என்று சொல்லிவிடுகிறேன். ஸ்பீக்கர் இரண்டையும் எட்டி எட்டி வைத்து, இரண்டுக்கும் சரிசமமான தூரத்தில் ஒருவர் உட்கார்ந்தால், பாடுகிறவரின் குரல் இந்தப் பெட்டியிலிருந்தும் வராது, அந்தப் பெட்டியிலிருந்தும் வராது. நடுவிலிருந்து வரும். ஒன்றுமே இல்லாத வெறும் இடத்திலிருந்து. அங்கே ஒருவர் நிற்பதுபோலவே இருக்கும். தலையை ஒரு முழம் இடது பக்கம் நகர்த்தினால் போதும், குரல் இடது பெட்டிக்கு ஓடிவிடும். ஏனென்றால் நடுவில் யாரும் இல்லை. அது நம் காதுக்குள் மட்டும் இருக்கிற ஆள்.

அன்றைக்கு அந்தக் காரில் புருஷனும் பெண்டாட்டியும் போனது தம்பிதுரை என்பவரின் தோட்டத்து வீட்டுக்கு. அவரும் இதே பைத்தியம்தான். வீட்டுக்குப் பின்னால் பாட்டுக் கேட்பதற்கென்றே தனி அறை கட்டி வைத்திருந்தவர். அவர் இறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. அவருடைய ஸ்பீக்கர்களைக் கொடுத்துவிடப் போகிறார்கள் என்று நண்பர்கள் சொல்லி, கிருபாசங்கர் கிளம்பிவிட்டான். பகலெல்லாம் தோட்டத்து வேலை இருக்கும், இருட்டினபிறகு வாருங்கள் என்று சொன்னது தம்பிதுரையின் மனைவி ராசாத்தாள்.

அறுபது வயதிருக்கும். அமைதியான முகம். காபி கொடுத்தார். கிருபாசங்கரை அறை வாசல்வரை கூட்டிப்போனார்.

"பொட்டி ரெண்டும் உள்ள இருக்குதுங்க தம்பி. எத்தன நேரம் வேணும்னாலும் கேட்டுப் பாருங்க. ஒயரை மட்டும் தொட்டுப்போடாதீங்க. நான் மாட்டுனது அப்படியே இருக்கட்டும்."

அவன் தலையாட்டினான். கதவைச் சாத்திக்கொண்டான்.

கதவு சாதாரணக் கதவு இல்லை. நாலு விரல் கனத்துக்குத் தேக்கு. சுற்றிலும் ரப்பர் பட்டை. கதவின் உள்பக்கத்திலும் சுவர் முழுக்கவும் பஞ்சுப் பலகை. ஜன்னலே கிடையாது. கதவு சேர்ந்ததும் வெளியே கேட்டுக்கொண்டிருந்த பூச்சிச் சத்தம்... பட்டென்று நின்றது. கத்தரித்தது போல. அவன் ஒருமுறை கைதட்டிப் பார்த்தான். சத்தம் உள்ளங்கையைவிட்டு வெளியே வரவில்லை. தன் ரத்தம் ஓடுகிற சத்தம் தனக்கே கேட்டது. பஞ்சு வாசனை. அதற்கு அடியில் லேசாக நீலகிரித் தைலம்.

ஆம்ப்ளிஃபயர் பழைய வால்வு வகை. இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் தரையோடு வைத்திருந்தது. சுவிட்சைப் போட்டதும் வால்வுகள் ஆரஞ்சு நிறத்தில் மெல்லக் கண் விழித்தன. தூசி சூடாகும் வாசனை வந்தது. டேப் ரெக்கார்டரில் ஏற்கெனவே மாட்டியிருந்த நாடாவை ஓடவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தான். ஒரு பெண் பாடினாள்.

குரல் நடுவில் இல்லை.

எங்கும் இல்லை... எல்லா இடத்திலும் இருந்தது. காதுக்குப் பக்கத்தில், பிடரிக்குப் பின்னால், கரைந்து கரைந்து.

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த ஸ்பீக்கர் பைத்தியக் கூட்டத்தில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். ஒரு பெட்டிக்கு மட்டும் ஒயரை மாற்றி மாட்டியிருக்கிறது. சிவப்பு போக வேண்டிய இடத்தில் கறுப்பு. அப்படி மாட்டினால் ஒரு பெட்டி தள்ளும்போது இன்னொன்று இழுக்கும். ஒன்றும் கெட்டுப்போகாது. குரல் மட்டும் ஓரிடத்தில் நிற்காது.

பாவம், அந்தம்மாவுக்கு என்ன தெரியும் என்று நினைத்தான்.

நீங்களாகவோ நானாகவோ இருந்தால் அப்படியே விட்டிருப்போம். அவர் அவ்வளவு சொல்லியிருக்கிறாரே. ஆனால் இவர்களால் விட முடியாது. பந்தியில் இலையைத் திருப்பிப் போட்டிருந்தால் நமக்குக் கை பரபரக்கும் இல்லையா... அப்படி. முழங்கால் போட்டு உட்கார்ந்தான். சிவப்பையும் கறுப்பையும் மாற்றினான். இரண்டு நிமிஷ வேலை.

திரும்பி வந்து உட்கார்ந்தான். குரல் நடுவில் வந்து நின்றது.

இப்படி ஒரு குரலை அவன் கேட்டதே இல்லையாம். அவள் உதடு பிரிகிற சத்தம்கூடத் துல்லியமாக இருந்தது. லோகுவைக் கூப்பிட வேண்டும் என்று எழுந்தான். அதற்குள் பாட்டு முடிந்தது. நாடாவும் ஓடி முடிந்து, டக்கென்று நின்றது.

நடுவில்... யாரோ மூச்சு விட்டார்கள்.

சின்ன மூச்சு. இழுத்து, நிறுத்தி, விடுகிற மூச்சு. நெஞ்சு வலிக்கிறவர்கள் விடுவார்களே.

நாடாவில் மிச்சம் ஏதோ இருக்கிறது என்று பார்த்தான். நாடா நின்றுதான் இருந்தது. சரி, எங்கோ கோளாறு. இடது பக்கம் நகர்ந்தான். அந்தச் சத்தம் இடது பெட்டிக்கு ஓட வேண்டும். ஓடவில்லை. வலது பக்கம் வந்தான். சுவரோரமாக நின்றான். மூச்சு அதே இடத்தில்தான் இருந்தது. இரண்டு பெட்டிக்கும் நடுவில், தரையிலிருந்து கொஞ்சம் மேலே.

கதவுக்குப் பக்கத்தில் பிளக் இருந்தது. பின்பக்கமாகவே நடந்துபோய் அதன் சுவிட்சை அணைத்தான். வால்வுகள் மங்கி மங்கி அவிந்தன. ஒரு மூலை விளக்கு மட்டும் எரிந்தது.

மூச்சு நிற்கவில்லை.

கதவின் கைப்பிடியை அழுத்தினான். இறங்கியது. கதவு அசையவில்லை. இன்னொரு முறை. தோளைக் கொடுத்து, காலைக் கொடுத்துத் தள்ளினான். போனை எடுத்தான். சிக்னல் இல்லை. "லோகு!" என்று கத்தினான். அந்தச் சத்தம் அவன் வாயைத் தாண்டியதும் பஞ்சுக்குள் போய்விட்டது. முஷ்டியால் கதவில் அடித்தான். தலையணையில் அடிப்பதுபோல இருந்தது.

அப்போது நடுவிலிருந்து, ரொம்ப மரியாதையாக ஒரு குரல்.

"கத்தாதீங்க தம்பி... வெளிய கேக்காதுங்க."

ஒயரைப் பழையபடி மாற்றிவிடலாம் என்று அவனுக்குத் தோன்றியது. ஆனால் ஒயர் ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால். அங்கே போக வேண்டுமென்றால் அந்த வெறும் இடத்தைத் தாண்டிப் போக வேண்டும். கதவில் முதுகை ஒட்டி நின்றுகொண்டான்.

"நான் எல்லாம் கத்திப் பாத்துட்டனுங்க... உக்காருங்க."

இந்த நேரத்தில் லோகப்பிரியா எங்கே இருந்தாள் தெரியுமா? அந்தக் கதவிலிருந்து ஏழெட்டு அடி தள்ளி, சமையல்கட்டில். ராசாத்தாளோடு உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். ஒரு சத்தமும் இல்லை. குக்கர் மட்டும் விட்டுவிட்டு இரைந்தது.

"அவரு போனதும் அதுக்குள்ளதானுங்க அம்மணி" என்றார் ராசாத்தாள். "ராத்திரி சாப்புட்டுப்போட்டு உள்ள போனாரு. காத்தாலதான் நான் கதவைத் தொறந்தேன். கதவோரமாத் தரையில கெடந்தாருங்க."

"ராத்திரியே போய்ப் பாக்கலீங்களா?"

"பாட்டுக் கேக்கறப்ப தொறந்தா கோவிச்சுக்குவாருங்க. நாப்பது வருசத்துல ஒருக்காக்கூட என்னைய உள்ள கூப்புட்டதில்லீங்க. அன்னைக்குக் கூப்புட்டிருப்பாரு..." ஒரு காயை உரித்து முடித்தார். "எனக்குக் கேக்கவே இல்லீங்க."

லோகப்பிரியா பேச்சை மாற்றுவதற்காக, "ஒயரைத் தொட வேண்டாம்னு சொன்னீங்களே, அது எதுக்குங்க?" என்று கேட்டாள்.

"அப்படி மாட்டி வெச்சாத்தானுங்க எனக்குத் தூக்கம் வருது."

லோகப்பிரியா கடிகாரத்தைப் பார்த்தாள். அவன் உள்ளே போய் அரைமணி ஆகியிருந்தது. அரைமணி... ஏழெட்டுப் பாட்டு. இன்னும் அவளைக் கூப்பிட வரவில்லை.

எழுந்தாள். ராசாத்தாள் சட்டென்று அவள் கையைப் பிடித்தார்.

"தொறக்காதீங்க அம்மணி. கோவிச்சுக்குவாருங்க."

"எங்கூட்டுக்காரரு கோவிச்சா நான் பாத்துக்கறனுங்க. கூப்புடாம இருந்தாத்தான் எனக்குப் பயம்."

கையை உதறிக்கொண்டு போய்க் கைப்பிடியை அழுத்தினாள். கதவு வெண்ணெய்போலத் திறந்தது. கிருபாசங்கர் அப்படியே அவள் மேல் வந்து விழுந்தான். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. தொண்டை கட்டி, வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. அவனுக்கு அது மூன்று மணி நேரமாம்... சொன்னால் நம்பமாட்டீர்கள், இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறான். அவள் அவனை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "நான் வந்துட்டனுங்க, வந்துட்டனுங்க" என்று முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

ராசாத்தாள் அவர்களைப் பார்க்கவில்லை. திறந்திருந்த கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளிருந்து, சோர்ந்துபோன குரல் ஒன்று வந்தது. இந்த முறை லோகப்பிரியாவுக்கும் கேட்டது.

"ராசாத்தி..."

"வாரனுங்க" என்றார் அவர்.

சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டார். இவர்கள் சுதாரிப்பதற்குள் உள்ளே போய்விட்டார். கதவு சேர்ந்தது. லோகப்பிரியா அழுத்தியதும் கைப்பிடி இறங்கியது, கதவு நகரவில்லை. உள்பக்கம் தாழ் போட்டுவிட்டார்.

"அப்பறம் என்ன ஆச்சு? அந்தம்மாவைக் கொன்னுபோட்டாரா?" பொறு யுஸ்ரா, சொல்கிறேன்.

கிருபாசங்கர் காரை எடுத்துக்கொண்டு ஆள் தேட மதுக்கரைக்கு ஓடினான். அந்தக் கதவைத் திறக்கச் சாதாரண ஆள் போதாது. மரம் அறுக்கிற மிஷினோடு ஒரு தச்சரை எழுப்பிக் கூட்டிவர நள்ளிரவு ஆகிவிட்டது. அதுவரைக்கும் லோகப்பிரியா அந்த வாசலிலேயே தனியாக இருந்தாள். கூப்பிட்டுப் பார்த்தாள். காதை வைத்துக் கேட்டாள். ஒன்றும் இல்லை. பாட்டு இல்லை, பேச்சு இல்லை, அழுகை இல்லை. களைத்துப்போய்த் தரையில் உட்கார்ந்து, கதவில் கையை ஊன்றினாள்.

உள்ளங்கையில் பட்டது.

சத்தம் இல்லை. அதிர்வுதான். டொக்... டொக்... யாரோ உள்ளிருந்து கதவைத் தட்டினார்கள். நின்றுகொண்டு தட்டவில்லை. ரொம்பக் கீழே. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில்.

"அம்மா! தாழை எடுங்கம்மா!" என்று கத்தினாள். எடுக்கவில்லை. தட்டுவது நிற்கவும் இல்லை. கையை எடுக்க அவளுக்குப் பயம், எடுக்காமல் இருக்கவும் பயம். பதினோரு மணிக்கு மேல் அது மெதுவாகிவிட்டது. ஒரு தட்டுக்கும் இன்னொரு தட்டுக்கும் நடுவில் இடைவெளி நீண்டது. பிறகு, சுரண்டுவதுபோல ஒன்று. பிறகு அதுவும் இல்லை.

தச்சர் வந்து தாழ்ப்பாளைச் சுற்றி மரத்தை அறுத்தார். கதவு திறந்தது. லோகப்பிரியாதான் டார்ச் அடித்தாள்.

கதவின் உள்பக்கத்தில், அடிப்பகுதியில் மட்டும் பஞ்சு பிய்ந்து, தரையெல்லாம் கிடந்தது. ராசாத்தாள் அதன் பக்கத்தில்கூட இல்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முதுகை நன்றாகச் சாய்த்து, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு. கையில் ஒரு கீறல் இல்லை.

வெளிச்சம் முகத்தில் பட்டதும் கண்ணைத் திறந்தார். தூக்கத்தைக் கெடுத்தவர்களைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்தார்.

"எதுக்குங்க அம்மணி அதுக்குள்ள தொறந்தீங்க... இப்பத்தானுங்க எனக்கு நல்லாக் கேட்டுது."