பனிக்குக் கை இல்லை

ஓடுகிறோம். முட்டளவு பனி. இறங்கிய கால் மேலே வர மறுக்கிறது. செவ்வாய்க்கிழமை. காலை ஐந்து நாற்பது. முதல் குண்டு விசிலடித்துக்கொண்டு வந்தது. இரண்டாவதற்கு விசிலே கேட்கவில்லை. விசில் கேட்காத குண்டுதான் பக்கத்தில் விழும்.

"உள்ள போடா அந்தோணி! மேல பாக்காத!"

கத்துகிறவன் சம்பத். ஸ்ரீரங்கத்துக்காரன். நான் பொன்மலை. ஒரே பட்டாளம், ஒரே பங்கர். இருவரும் உள்ளே விழுகிறோம். பின்னால் மூன்று பேர் ஓடி வருகிறார்கள். அடுத்த குண்டு எங்கள்மேல் விழவில்லை. மலை உச்சியில் விழுந்தது. பிறகு வேறொரு சத்தம். பொன்மலை ரயில் யார்டில் கூட்ஸ் வேகன்கள் ஒன்றையொன்று இடிக்கிற மாதிரி, நீளமாக. பனி சரிந்து வந்து வாசலை மூடிவிட்டது. அந்த மூவரின் குரலும் நின்றது.

இருட்டு. அதுவரை பயம் என்று நான் சொல்லிக்கொண்டதெல்லாம் பயமே இல்லை. குளிரில் இருவருக்கும் பல் தந்தியடிக்கிறது.

மண்ணெண்ணெய் ஸ்டவ் ஒன்று இருந்தது. எதையாவது எரித்து அதன் தலையைச் சூடாக்காமல் பற்றாது. துணியெல்லாம் ஈரம். காய்ந்திருந்தது ஒன்றே ஒன்று. சம்பத் சட்டைக்குள் வைத்திருந்த கவிதை நோட்டு. இருபத்திரண்டு கவிதை. லீவில் போய் மனைவி மாலதியிடம் கொடுக்க வைத்திருந்தான்.

"கிழிடா" என்றான். "ஆனா படிச்சுட்டுக் கொளுத்து. படிக்காம எரிச்சே, தொலைச்சுப்புடுவேன்."

டார்ச் வெளிச்சத்தில் சத்தமாகப் படித்தேன். வெற்றி, வீரம் ஒன்றும் அதில் இல்லை. சாக்ஸோடு கழன்று வந்த கால்விரல். உறைந்து கல்லான ரொட்டி. அம்மாவுக்கு எழுத வராத கடிதம். நம் மேடைகளில் வாசிக்கிற போர்க்கவிதைகளில் எதிரி வந்து கொல்வான். சம்பத் எழுதியதில் மலைதான் கொல்லும். ஒரு வரி: 'எதிரிக்குக் கை வலிக்கும், நிறுத்துவான். பனிக்குக் கை இல்லை.'

ஸ்டவ் பிடிக்கும், அணையும். இன்னொரு தாள். இன்னொரு தாள். எட்டரை மணிவாக்கில் கடைசித் தாளும் போயிற்று. அதற்குப் பின் சம்பத்தின் நடுக்கம் நின்றது.

"வேர்க்குதுடா. பொத்தான அவுத்து விடு. சித்திரை வெயில்ல மெயின்கார்டு கேட்ல பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி இருக்கு."

நான் சிரித்தேன். சந்தோஷப்பட்டேன். திருச்சியில் வளர்ந்தவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். வேர்த்தால் சட்டையைத் திற. கோட்டின் நான்கு பொத்தான்களையும் அவிழ்த்தேன். நோட்டின் அட்டை மிச்சமிருந்தது. அதைக்கொண்டு விசிறிவிட்டேன். அவன் கழுத்தைத் தொட்டுப் பார்க்கத் தோன்றவில்லை.

குளிர் முற்றினால் உடம்பு சுடுகிறது என்று பொய் சொல்லும். இதை ஆஸ்பத்திரியில் டாக்டர் சொல்லித்தான் அறிந்தேன்.

பதினொன்று பத்து. மண்வெட்டிச் சத்தம். எத்தனை பேர் என்று வெளியே கத்துகிறார்கள். "ரெண்டு பேர்!" என்றேன். அப்போது நான் மட்டும்தான் இருந்தேன்.

பல வருஷம் கழித்து, போன ஞாயிற்றுக்கிழமை மாலதி ஸ்ரீரங்கத்து வீட்டுக்குக் கூப்பிட்டார். போனேன். ஒரு கல்லூரியில் போர்க்கவிதைக் கூட்டமாம். சம்பத் எழுதியதைக் கேட்டிருக்கிறார்கள்.

"அண்ணா, அவர் லெட்டர்ல எழுதியிருந்த அந்த நோட்டு உங்ககிட்டதானே இருக்கு? இத்தனை வருஷமா கேக்கக்கூடாதுன்னு இருந்தேன்."

நோட்டு எரிந்ததைச் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். பொத்தானையும் சொன்னேன். விசிறியதையும்.

மாலதியின் கை மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"கடைசில அவருக்குக் குளிரலையா?"

"குளிரலைம்மா."

"உங்க மேல கோவம் இல்லேன்னு இன்னிக்கு என்னால சொல்ல முடியாது. ஞாபகம் இருக்கறத சொல்லுங்க. எழுதிக்கறேன்."

பேனாவைத் திறந்து காத்திருந்தார். நான் சொன்னது ஒரு நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

போனவர்கள்: வாசலில் மூன்று பேர். உள்ளே சம்பத். என் இடது காலில் இரண்டு விரல். இருபத்தொரு கவிதை முழுசாக. இருபத்திரண்டாவதில், ஒரு வரி தவிர மற்றதெல்லாம்.