ஐந்தாவது முகவரி

எட்டு இணைய முகவரிகள் கேட்டு வாங்கினால் ஐந்துதான் கைக்கு வரும். சொன்னால் யாரும் நம்புவதில்லை. முதலாவது அந்த வரிசைக்கே பெயராகிவிடும். கடைசியானது எல்லாக் கருவிகளையும் ஒரேயடியாகக் கூப்பிடுவதற்கு. இன்னொன்றை ரவுட்டரே வைத்துக்கொள்ளும். பங்கு பிரிப்பவன் தன் பங்கை முதலில் எடுத்துக்கொள்வது எங்கேயும் உள்ளதுதான்.

நான் வேலை பார்த்தது படுக்கையில் கிடப்பவர்களைப் பராமரிக்கும் ஓர் இல்லத்தில். அங்கே கணினி, கேமரா, இணையம் எல்லாம் என் பொறுப்பு. என்னை 'வயர்' என்றுதான் கூப்பிடுவார்கள். தொலைபேசிக் கம்பியில் வரும் டிஎஸ்எல் இணைப்பு அது. வெளியிலிருந்து ஒருவர் தேடி வரவேண்டிய கருவிக்கு வீட்டு எண் போல மாறாத ஐபி முகவரி வேண்டும். அதை ரவுட்டரில் எழுதி வைப்பது நான்.

கைக்கு வந்த ஐந்தில் முதல் முகவரியை அழைப்புப் பெட்டிக்குக் கொடுத்திருந்தேன். ஒவ்வொரு கட்டிலிலும் ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் பெட்டிக்குத் தெரியும். வெளியூர் நிறுவனம் ஒன்று அந்த முகவரியில் பெட்டியை விசாரித்து, எங்கள் ஊழியர்களின் போனில் மணி அடிக்க வைக்கும். பக்கத்து அறையிலிருந்து ஆளைக் கூப்பிட வெளியூர் போய்வர வேண்டுமா என்று நானும் கேட்டேன். நவீனம் என்றார்கள்.

ஏழாம் அறையில் என் அண்ணன் இருந்தார். பக்கவாதம். பேச்சு குழறும், வலது கையில் பெருவிரல் மட்டும் சொன்னபடி கேட்கும். தொண்டையில் சளி நின்றால் யாராவது வந்து குழாய் வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டும். அப்பா போன பிறகு, தன் படிப்பை விட்டுவிட்டு என்னைப் படிக்கவைத்தவர். அதை அவர் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டச் சொந்தக்காரர்கள் போதுமான அளவில் இருந்தார்கள்.

அவர் ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது தடவை அழுத்துவார். நர்ஸ் அக்கா எனக்குப் போன் செய்வார்.

"வயர், உங்கண்ணன் கூப்பிடுறார்."

"என்னவாம் அக்கா?"

"உன் மூஞ்சியப் பாக்கணுமாம். எங்க மூஞ்சிக்கெல்லாம் அந்த யோகம் இல்லப்பா."

படியேறிப் போவேன். அண்ணன் கோணலாகச் சிரிப்பார். "ஒண்ணுமில்லடா. இருக்கியான்னு பாத்தேன்."

நான்கு வருடம். கோபம் இருந்ததா என்று நேற்று விசாரணையில் கேட்டீர்கள். இல்லை. ஒன்றுமே இல்லை. அதைத்தான் உங்களுக்குப் புரியவைக்க முடியவில்லை.

இல்லத்தின் தலைவர் 'முதுமையின் மாண்பு' என்று பேசுவதாக ஏற்பாடு. உலகமே பார்க்கும்படி இணையத்தில் நேரடி ஒளிபரப்பு. மேடைக்குப் பின்னால் அவரைவிடப் பெரிய அவர் படம். அதற்கு முந்தின நாள் என்னை அறைக்குக் கூப்பிட்டார்.

"என் பேச்சுக்குத் தனி நம்பர் உண்டுல்ல?"

"உண்டு ஐயா."

"எத்தனாவது?"

நான் பதில் சொல்வதற்குள், "முதல் நம்பர் யார்கிட்ட இருக்கு?" என்றார்.

"கூப்பிடுற பெட்டிகிட்ட ஐயா."

"நாளைக்குப் பேசப்போறது பெட்டியா, நானா?"

மேனேஜர் சிரித்தார். அவருடைய வேலையில் பாதி அதுதான். வெளியே வந்த பிறகு மட்டும் குரலைத் தாழ்த்தி, "பெட்டிய வேற நம்பருக்கு மாத்திடுவல்ல?" என்று கேட்டார்.

"பாத்துக்கிறேன் சார்."

இந்தச் சொல்லுக்கு அப்புறம் அங்கே யாரும் கவலைப்பட்டதில்லை.

மறுநாள் காலை பத்தரைக்கு ஒளிபரப்புக் கருவிக்கு முதல் முகவரியை எழுதினேன். பெட்டியிடமிருந்து அதை எடுக்கவில்லை. ஒரே முகவரியை இரண்டு கருவிகளுக்குக் கொடுத்தால் இரண்டும் மல்லுக்கட்டும். ஓயாமல் பேசுவது ஜெயிக்கும். தலைவரின் கருவி ஓயாமல் பேசியது.

கூடத்தில் நாற்காலிகள் காலியாகத் தெரிந்ததால் ஊழியர்கள் எல்லோரையும் மாடியிலிருந்து இறக்கி உட்காரவைத்தார்கள். போன்தான் கையில் இருக்கிறதே என்று வந்தார்கள். பத்து முப்பத்துநான்குக்கு எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. பெட்டி பதில் சொல்லவில்லை, கவனிக்கவும் என்று அந்த வெளியூர் நிறுவனம் எழுதியிருந்தது. 'பராமரிப்பு வேலை நடக்கிறது' என்று பதில் போட்டேன். நன்றி சொல்லி மறுபடி எழுதினார்கள். மரியாதையானவர்கள்.

"இங்கே ஒரு குரல் கேட்டால் பத்துக் கால்கள் ஓடும்" என்றார் தலைவர். கைதட்டினார்கள். நர்ஸ் அக்காவும் தட்டினார்.

பதினொன்றே காலுக்குப் பேச்சு முடிந்தது. கருவியைக் கழற்றினேன். பெட்டிக்குத் தன் முகவரி திரும்பக் கிடைத்ததும், சேர்த்து வைத்திருந்த அழைப்புகளை மொத்தமாகக் கொட்டியது. அக்காவின் போன் நிற்காமல் அடித்தது.

"நாப்பத்தொரு தடவையா? உங்கண்ணன் இன்னிக்கு ஒரு முடிவோடதான் இருக்கார்" என்று சிரித்தபடி திரையைப் பார்த்தார். கடைசி அழைப்பின் நேரம் பத்து ஐம்பத்திரண்டு. சிரிப்பு நின்றது. படியேறி ஓடினார்.

நான் வயரைச் சுருட்டினேன். அப்படியே விட்டால் யாராவது தடுக்கி விழுவார்கள்.

தலைவரின் ஆணவம் ஓர் உயிரைக் குடித்தது என்று பத்திரிகைகள் எழுதின. அவர் பதவி விலகினார். படத்தையும் இறக்கிவிட்டார்கள், சுவர் இப்போது பெரிதாகத் தெரிகிறது. எல்லா முகவரியும் பயன்பாட்டில் இருந்ததாக முதல் விசாரணையில் நான் சொன்னேன். நம்பினார்கள். நேற்று நீங்கள் ரவுட்டரின் பக்கத்தை அச்சிட்டுத் தரச்சொல்லிக் கேட்டீர்கள். அதில் அழைப்புப் பெட்டி, அலுவலகம், வாசல் கேமரா, இல்லத்தின் இணையப் பக்கம் என்று நான்கு வரிகள்தான் இருக்கும். ஐந்தாவது வரி காலி.

பெட்டியை அங்கே மாற்ற எனக்கு இரண்டு நிமிடம் ஆகும். அந்த நிறுவனத்துக்கு ஒரு போன். அவ்வளவுதான். மறந்துவிட்டதாக எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டீர்கள். வேண்டாம். அன்று காலை அந்தக் காலி வரியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஆனால் அண்ணனுக்கு நான் கெடுதல் நினைத்ததில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஐந்தாவதை நான் எதற்கும் தொடுவதில்லை. திடீரென்று ஏதாவது அவசரம் வந்தால் உதவுமே என்று வைத்திருந்தேன்.