ஒரு பேருக்கு ரெண்டு பேர்

நெட்டை: ...அதான், நேர்லயே கேட்டுடலாம்னு வந்தேன்.

குட்டை: கேளு. இஸ்திரி போட்டுக்கிட்டே பேசறேன். ஆஸ்பத்திரி போர்வை எல்லாம் இன்னிக்கே போகணும்.

நெட்டை: பள்ளிக்கூடத்துல ரெண்டு பேருக்கும் ஒரே பேர்னு நெட்டை, குட்டைன்னு பிரிச்சாங்க. ஓட்டுச்சீட்டுல அப்படிப் போட மாட்டாங்கடி. ஜனம் எது நான், எது நீன்னு எப்படிக் கண்டுபிடிக்கும்?

குட்டை: ஏன்... பார்லிமென்டுக்கு நீ மட்டும்தான் போகணுமா?

நெட்டை: நீயா? கண்டக்டர்கிட்ட மீதிச் சில்லறை கேக்கவே என்னைத்தான் அனுப்புவ.

குட்டை: சிரிக்க வைக்காத. கை சுட்டுக்கும்.

நெட்டை: என் வீட்டுக்காரர் சாயத்தொட்டியில இறங்கி மூச்சு முட்டிச் செத்தாரே... அன்னிக்கு ஆஸ்பத்திரி வாசல்ல என்கூட உட்கார்ந்திருந்தது நீ ஒருத்திதான்.

குட்டை: இப்ப எதுக்கு அது?

நெட்டை: அந்தத் தொட்டிக்குச் சொந்தக்காரன் மறுபடியும் எம்.பி. ஆகப் போறான். உன் தயவுல.

குட்டை: ...நீ ஜெயிப்பேன்னு நெஜமாவே நம்பறியா?

நெட்டை: போன தடவையே அவன் மயிரிழையிலதான் தப்பிச்சான். கேஸ் போட்டேன்னு என் வேலையைப் புடுங்கினான்ல, அன்னிலேருந்து வீடு வீடா ஏறி இறங்கறேன். ஷிப்ட் பஸ்ல வேலைக்குப் போற பொண்ணுங்க, ஆத்தோரத் தெருவெல்லாம்... அவங்க போட்டாலே போதும். ஆனா பேர் ரெண்டா இருந்தா பாதி உனக்கு விழும். அவன் கணக்கே அதுதான்.

குட்டை: தெரியும்.

நெட்டை: தெரிஞ்சேதான் மனு போட்டியா?

குட்டை: ஆமா. போ. வேலை கெடக்கு.

நெட்டை: உன் பையன் எங்க?

குட்டை: வெளியூர்ல... வேலைக்கு.

நெட்டை: உன் வீட்டுக்குப் போய்ட்டுதான் வரேன். அவன் செருப்பு வாசல்லயே கெடக்கு. ஏய், போர்வை கருகுது. பொட்டியை எடு முதல்ல.

குட்டை: ஸ்டேஷன்ல வெச்சிருக்காங்கடி. சாயப்பட்டறையில இரும்பு திருடினானாம். நான் போட்டியில இருந்தா சாயங்காலம் விட்டுடுவாங்க. வாபஸ் வாங்கினா... நேத்து பார்த்தேன். அவனால உட்காரவே முடியலை. நின்னுக்கிட்டே அழறான்.

நெட்டை: அழாத.

குட்டை: என் கையால உன் குடியைக் கெடுக்கறேனே...

நெட்டை: மணி என்ன?

குட்டை: மூணு தாண்டிடுச்சு. இனிமே நெனச்சாலும் வாபஸ் வாங்க முடியாது. திட்டணும்னா திட்டிட்டுப் போ.

நெட்டை: பட்டறை ஆளுங்க யாராவது உன்னைத் தேடி வந்தாங்களா?

குட்டை: இல்லையே. சொன்னபடிதான் நடந்துக்கிட்டேனே, இன்னும் எதுக்கு வரணும்?

நெட்டை: பையனைக் கையில வாங்கினதும் உங்க அண்ணன் வீட்டுக்கு அனுப்பிடு. வீட்டுப் பக்கமே போக வேணாம்.

குட்டை: ஏண்டி? அதான் அவன் ஜெயிச்சாச்சே...

நெட்டை: இங்க வர்றதுக்கு முன்னாடியே என் மனுவை வாபஸ் வாங்கிட்டேன். நம்ம பேர்ல இப்ப நிக்கறது நீ ஒருத்திதான். எனக்கு விழ வேண்டிய ஓட்டெல்லாம் இனிமே உனக்குத்தான். உன்னை இழுத்துட்டுப் போய் வாபஸ் வாங்க வெச்சுடுவாங்களோன்னுதான் மூணு மணி வரைக்கும் பேச்சுக் குடுத்தேன்... அவன் காதுக்கு இது எட்டறதுக்குள்ள பையனை வெளிய கொண்டு வரணும். நட.