அழுத கண்ணும் கழற்றிய கூண்டும்

அவைக்குத் தலைமை தாங்கி, ஆளுயர மாலையைத் தாங்கி, அந்த மாலையின் கனத்தையும் தாங்கி வீற்றிருக்கும் எங்கள் தொழிற்சாலையின் மேலாளர், மதிப்புக்குரிய லோகநாதனார் அவர்களே! எனக்கு முன்னால் பேசி, எனக்குரிய நேரத்தையும் சேர்த்தே பேசி அமர்ந்திருக்கும் சான்றோர்களே! முதல் ஷிப்டு முடிந்து முகம்கூடக் கழுவாமல் ஓடிவந்திருக்கும் முத்தான தோழர்களே! புதுவாயலில் பஸ் பிடித்தும், எளாவூரில் லாரிக்காரரைக் கெஞ்சியும் வந்து சேர்ந்திருக்கும் என் அருமைத் தாய்மார்களே! எப்போது முடிப்பான் இவன் என்று என்னையே முறைத்துக்கொண்டிருக்கும் மைக் செட் துலுக்காணம் அவர்களே! உங்கள் அனைவரையும் இரு கரம், அதாவது பத்து விரலும் முழுதாக இருக்கும் என் இரு கரம் கூப்பி வணங்குகிறேன்.

கும்மிடிப்பூண்டித் தொழிலாளர் படிப்பகத்தின் இந்த ஆண்டு விழாவில் எனக்குத் தரப்பட்ட தலைப்பு, 'கண்ணீரை வரவழைக்கும் ஜப்பானியப் பாடல்கள்.' தந்தவர் தலைவர். பந்தல் அவர் செலவு, ஆகவே தலைப்பும் அவர் விருப்பம். பிரஸ் இயந்திரத்துக்கு எண்ணெய் விடுகிற இந்த ஆதிகேசவனுக்கும் ஜப்பானுக்கும் என்ன உறவு? அவர்கள் மொழியில் எனக்கு ஒரே ஒரு சொல்தான் தெரியும். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டே இன்று பேசி முடிக்கப்போகிறேன்.

யாரப்பா அங்கே, தாவீதா? "அண்ணே, ஒரு பாட்டு பாடிக் காட்டுண்ணே" என்கிறாயா? பாடினால் நீ அழுவாய், தம்பி. பழி மட்டும் ஜப்பான்மேல் விழும்.

போன ஆண்டு நினைவிருக்கிறதா? தகட்டை அழுத்தி வடிவம் எடுக்கும் புதிய பிரஸ்களைப் பூட்டித் தர ஜப்பானிலிருந்து இஷிமுரா என்ற பொறியாளர் வந்தாரே! அவர் ஊர் திரும்பும்போது, தொழிற்சாலை கேட்டுக்கு எதிரே இருக்கும் இதே மைதானத்தில் வழியனுப்பு விழா எடுத்தோம். அன்று அவர் ஒரு கேசட்டைத் துலுக்காணத்திடம் நீட்டினார். ஒரு பக்கத்தில் அவர் நாட்டையே அழவைத்த பாட்டுகள். மறுபக்கத்தில் வேறு ஏதோ பாட்டு. துலுக்காணம் வாங்கினார், வணங்கினார், பக்கத்தை மாற்றிப் போட்டார்!

"ஜப்பான் எய்த்து எனக்கு இன்னாய்யா தெரியும்?" என்று கத்துகிறார். நியாயம்தான் துலுக்காணம். உன்மேல் குற்றமே இல்லை. அன்றைக்கு நீ செய்தது நாட்டுக்கே தொண்டு!

பியானோ ஒலித்தது. ஆண்கள் பலர் ஒரே குரலில், அடிக்கு அடி அழுத்தி, அதிகாரமாகப் பாடினார்கள். எனக்குப் பள்ளிக்கூடத்து டிரில் வகுப்புதான் நினைவுக்கு வந்தது. ஆனால் தலைவர் அவர்கள்? கைக்குட்டையை எடுத்தார். கண்ணில் ஒற்றினார். "ஆகா, என்ன சோகம்! என்ன உருக்கம்!" என்று விம்மினார். மேலாளர் விம்மும்போது துணை மேலாளர் சும்மா இருந்தால் பதவி உயர்வு என்னாவது? அவர் தேம்பினார். அவரைப் பார்த்து சூப்பர்வைசர்கள் குமுறினார்கள். கைக்குட்டை இல்லாதவர் தோளில் கிடந்த துண்டில் துடைத்தார். துண்டும் இல்லாதவர் பக்கத்து ஆளின் துண்டில் துடைத்தார்.

அப்போதுதான் இஷிமுரா விருட்டென்று எழுந்தார். வலக்கையை நேராக நீட்டினார். ஆள்காட்டி விரலால் எதையோ சுட்டிக்காட்டி, "யோஷி!" என்று முழங்கினார். தலைவர் விடுவாரா? "பிரிவுத் துயரில் வானத்தைக் காட்டுகிறார்" என்று தழுதழுத்துக்கொண்டே தாமும் எழுந்து, விரலை நீட்டி, "யோஷி!" என்றார். முன்வரிசை மொத்தமும் எழுந்தது. ஒருவர் கிழக்கே காட்டினார், ஒருவர் மேற்கே காட்டினார், ஸ்டோர் கீப்பர் என்னையே காட்டினார்! அழுகையும் யோஷியுமாக மேடை அமளிப்பட்டது.

"பாட்டுக்கு அர்த்தம் இன்னா சார்?" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல். தலைவர் சொன்ன விடை என் செவியில் இன்னும் ஒலிக்கிறது. "இசைக்கு மொழி எதற்கு? கண்ணீருக்கு அகராதி எதற்கு?" கைதட்டினோம். இஷிமுரா தலைவரை இடுப்பு வரை குனிந்து வணங்கினார். பிறகு டைப்பிஸ்ட் கிரேஸிடம் தமக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிவிட்டு விமானம் ஏறப் போனார். என்ன சொன்னார்? பொறுங்கள், வருகிறேன்.

அவர் பூட்டித் தந்த ஒவ்வொரு பிரஸ்ஸுக்கு முன்னாலும் ஓர் இரும்புக் கூண்டு இருந்தது. கூண்டு மூடினால்தான் பிரஸ் இறங்கும். கை உள்ளே இருந்தால் இறங்காது. ஆனால் கூண்டைத் திறந்து மூடுகிற நேரத்தில் உற்பத்தி குறைகிறதாம். அவர் போன கையோடு ஆணை பிறந்தது, 'கழற்று!' கழற்றினார்கள். கழற்றிய கூண்டுகளை வீணாக்கினார்களா? சிக்கனத்தில் சிறந்தவர்கள் ஆயிற்றே! ஆபீஸ் வாசலில் நட்ட வேப்பங்கன்றுகளை ஆடு கடிக்காமலிருக்கச் சுற்றிலும் நிறுத்தினார்கள். கன்றுக்குக் காவல் உண்டு. கைக்குக் காவல் இல்லை. இலையை ஆடு தின்னக் கூடாது. விரலை இரும்பு தின்னலாம்!

தின்றது. பிரஸ் ஓட்டிய நம் தேசப்பனின் வலக்கை விரல்களைத் தின்றது. கட்டுப் போட்ட கையோடு அவன் கேட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தபோது, பேக்கிங் பிரிவில் வேலை செய்யும் அவன் அக்காள் கன்னியம்மா ஓடிவந்து, அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு ஒப்பாரி வைத்தாள்.

"சோறு பெசஞ்சி உண்ட கை
சொரணயத்துப் போச்சுதேடா
இரும்புக்கு இன்னா பசி
என் தம்பி வெரலத் தின்ன"

கேட்டவர்கள் கலங்கினோம். காவலாளி தொப்பியைக் கழற்றினார். தலைவர் அவர்கள் காரிலிருந்து இறங்கிவந்தார். கைக்குட்டை வெளியே வரவில்லை.

"யாரம்மா செத்துட்டாங்க? உயிரோட இருக்கிறவனுக்கு ஒப்பாரியா? கேட்டுல என்ன இந்த நியூசென்ஸ்?"

"கை செத்துப்பூட்ச்சே சார்" என்றாள் கன்னியம்மா.

ஒழுங்கீனம் என்று அன்றே அவளை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். இன்றுவரை கேட் அவளுக்குத் திறக்கவில்லை. மொழி தெரியாத பாட்டுக்கு ஆறாய்ப் பெருகிய கண்ணீர், தாய்மொழியில் ஒருத்தி தலையில் அடித்துக்கொண்டு பாடியபோது எங்கே போய் ஒளிந்தது? சுங்கம் கட்டி வந்த பாட்டுக்கு மட்டும்தான் கண் நனையுமா?

ஜப்பானியப் பாட்டை நான் பழிக்கவில்லை. போன மாதம் புதுவாயல் டீக்கடையில் துலுக்காணம் கேசட்டின் சரியான பக்கத்தைப் போட்டார். ஒரு பெண் குரல். தாழ்ந்து வந்து, நடுவில் உடைந்து, வளைந்து, மறுபடி எழுகிறது. டீ ஆற்றுகிறவர் ஆற்றாமல் நின்றார். ஓரமாக நின்று கேட்ட கன்னியம்மா, "இவளும் யாரையோ பறிகுடுத்துகினு பாடுறா" என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவளுக்கு எந்த அகராதியும் தேவைப்படவில்லை. எனக்கும் அழுகை வந்தது. ஒளிக்காமல் சொல்கிறேன்.

இனி அந்த முதல் பாட்டுக்கு வருவோம். கிரேஸ் தங்கையிடம், சொல்லலாமா என்று கேட்டேன். "சொல்லுங்கண்ணே, இன்னா ஆய்டும்?" என்றது. சொல்கிறேன். இஷிமுரா கிரேஸிடம் விளக்கியபடி, அவருடைய தொழிற்சாலையில் இயந்திரத்தைத் தொடுமுன் தினமும் காலையில் பாடுகிற பாட்டு அது. பொருள் இதுதான்: கூண்டு மூடியிருக்கிறதா, பார். விரலால் சுட்டு. வாயால் சொல். பிறகு தொடங்கு. காலையில் கொண்டுவந்த கைகளை மாலையில் வீட்டுக்குக் கொண்டுபோ! 'யோஷி' என்றால் 'சரியாக இருக்கிறது' என்று பொருள். பாட்டைக் கேட்டதும் பழக்கத்தில் எழுந்து சுட்டிக்காட்டினார் மனிதர். அவ்வளவுதான்!

விமானம் ஏறுமுன் கிரேஸிடம் சொன்னாரே, அது என்ன தெரியுமா? "எங்கள் நாட்டில்கூட இந்தப் பாட்டுக்கு யாரும் அழுததில்லை. தொழிலாளியின் கையை நினைத்து அழுகிற மேலாளரை இங்கேதான் பார்த்தேன்."

சிரிக்காதீர்கள். தாய்மார்களே, சிரிக்காதீர்கள். அதை நம்பித்தான் அந்த மனிதர் இடுப்பொடியக் குனிந்தார். தலைவர் அவர்களே, எழுந்திருக்க வேண்டாம், மாலை நாற்காலியில் சிக்கியிருக்கிறது. கைக்குட்டையும் வேண்டாம். அழுதது போதும். அன்று எதற்காக அழுதீர்களோ அதைச் செய்து காட்டுங்கள். நாளைக் காலை கூண்டுகள் பிரஸ்ஸுக்குத் திரும்ப வேண்டும். கன்னியம்மா கேட்டுக்குள் நுழைய வேண்டும். அதுவரை ஒரு பிரஸ்ஸுக்கும் நான் எண்ணெய் விடமாட்டேன். என்னையும் நிறுத்துவீர்களா? நிறுத்துங்கள். கன்னியம்மாவிடம் ஒப்பாரி கற்றுக்கொள்ள எனக்கு நேரம் கிடைக்கும்!

தோழர்களே, எழுந்து நில்லுங்கள்! கேட்டுக்கு அப்பால், ஆபீஸ் வாசலில், வேப்பங்கன்றைச் சுற்றி நிற்கிறதே, அதைப் பாருங்கள். கையை நீட்டுங்கள். விரல் இருக்கிறவர்கள் விரலால் சுட்டுங்கள். தேசப்பா, நீயும் உன் கையை நீட்டு. நீ காட்டுவது எது என்று எல்லாருக்கும் தெரியும். அந்த ஜப்பானியச் சொல்லை மட்டும் இப்போது யாரும் சொல்லாதீர்கள். இன்னும் சரியாக இல்லை! நாளைக் காலை, கூண்டு தன் இடத்தில் ஏறிய பிறகு, கன்னியம்மா முதலில் சொல்லட்டும். அவளுக்குப் பின்னால் நாம் சொல்வோம்.

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், பந்தல் போட்ட தலைவருக்கும், மைக்கை இன்னும் நிறுத்தாத துலுக்காணத்துக்கும் நன்றி. கொண்டுவந்த கைகளோடு அனைவரும் வீடு போய்ச் சேருங்கள். வணக்கம்!