வீட்டில் மட்டும் சோறு துன்னாதவர்

பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி போகும் பஸ்ஸில், முன் சீட்டுக்காரர் பக்கத்து ஆளிடம் சொன்னார்: “சோத்த வுட்டு ஒரு மாசமாச்சுப்பா. வெறும் மீனுதான். சுகரு எறங்கிடுச்சு.”

ஜன்னலோரம் இருந்த அவர் மனைவி திரும்பினாள்.

“வூட்ல வுட்டாரு. என் பங்கு மீனும் அவருக்குதான். படகுல பொங்கற சோத்துல மொத தட்டு யாருது?”

“அது வலை இழுக்கறதுலயே கரைஞ்சி பூடும்மே.”

“வலைய இழுக்கறது உன் தம்பி. நீ குந்திக்கினு கீற. காலு மரத்துப் போறத டாக்டர்கிட்டயாவது சொல்லு.”

“யாருக்கு மரத்துச்சு? கல்லு மாதிரி கீது காலு.”

ஆஸ்பத்திரி ஸ்டாப்பில் அவர் விறுவிறுவென்று இறங்கினார். அவள் சீட்டுக்கடியில் கிடந்த அவருடைய இடது செருப்பை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினாள்.

“யோவ் கல்லுக்காலு, நில்லுய்யா.”

மத்தியான வெயிலில் கொதிக்கும் தார் ரோட்டில், ஒற்றைச் செருப்போடு அவர் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்.