அளவுக்கு ஒரு கட்டைவிரல்

இல்லைங்க, பரவாயில்லை, நான் இங்கேயே உக்காந்துக்கறேன். மியூசியத்துக்குள்ள போய் என்ன பண்ண? நத்தை ஓடுதானே, முப்பது வருஷமா வீட்ல பாக்காததா? நீங்க பை வாங்கி வைக்கிற வேலையைப் பாருங்க, நான் பாட்டுக்குப் பேசிட்டிருக்கேன்.

ஆமா, காலைல உங்ககிட்ட பையை நீட்டிட்டு, கண்ணாடிய நெத்தியில ஏத்திக்கிட்டு உள்ள ஓடினாரே, அவருதான். எங்க வீட்டுக்காரரு. காலேஜ்ல விலங்கியல் பேராசிரியர். ஒரு மணி நேரத்துல வந்துடறேன்னு உங்ககிட்டயும் சொன்னாரா? நல்லா சொன்னாரு போங்க! நீங்க பூட்டப் போற நேரத்துல வந்து, அதுக்குள்ளயாம்பாரு.

இது பதினோராவது ஊர். ஒவ்வொரு தடவையும் இதே கூத்துதான். லீவுல எங்கயாவது போலாம்னு ஆரம்பிப்பாரு. அருவி, மலை ரயில்னு படமெல்லாம் காட்டுவாரு. நானும் பல்லைக் காட்டிக்கிட்டு பெட்டி கட்டுவேன். ஃப்ளைட்ல பெல்ட் போட்டப்புறம்தான் மெதுவா வாயைத் திறப்பாரு, அங்க ஒரு மியூசியம் இருக்கு, அரை நாள் வேலைன்னு. இறங்க முடியுமா? கதவைச் சாத்திட்டாங்களே!

மலை ரயில் ஊர்ல ரயில் சத்தத்தை மட்டும் கேட்டேன். அருவி ஊர்ல அருவிக்கு முதுகைக் காட்டிக்கிட்டு ரெண்டு மணி நேரம் ஈரப் பாறைல நத்தை தேடினோம். தேடினோம்னா, நானும்தான். எனக்குத்தான் கண்ணு நல்லா தெரியும்.

சிரிக்காதீங்க, இதைக் கேளுங்க. நத்தையைப் படம் எடுத்தா பக்கத்துல ஸ்கேல் வைக்கணும், எவ்ளோ பெரிசுன்னு தெரியணும்ல. இவரு லென்ஸ், பஞ்சு, டப்பா எல்லாம் ஞாபகமா எடுத்து வைப்பாரு. ஸ்கேலை மட்டும் மேஜை மேல விட்டுட்டு வருவாரு. பதினோரு ஊருக்கும்! இங்க வா, கட்டைவிரலைக் கொஞ்சம் வைம்பாரு. முதல் ஊர்லயே என் விரலை அளந்து நோட்டுல எழுதிக்கிட்டாரு. நுனியிலேர்ந்து மடிப்பு வரைக்கும் மூணு சென்டிமீட்டராம். அப்புறம் ஸ்கேல் எதுக்கு? காலைல ரெண்டு தடவை வெளிய வந்து என்னை உள்ள கூட்டிட்டுப் போனாரே, எதுக்குன்னு நினைச்சீங்க?

போன மாசம் பொண்ணு கேட்டா, நீங்க ஊர் சுத்தின படம் ஒண்ணு குடும்மா, வீட்ல மாட்டணும்னு. கம்ப்யூட்டர்ல தேடுறேன் தேடுறேன், நாலாயிரம் படம். எல்லாத்துலயும் நத்தை, ஓரத்துல என் கட்டைவிரல். மூஞ்சி ஒண்ணுலகூட இல்லைங்க. முதல்ல சிரிப்புதான் வந்துச்சு. அப்புறம் பழைய படத்துல விரலைப் பாத்தேன், எவ்ளோ சின்னப் பொண்ணு விரல் அது. ஊருக்கு ஊர் அதுக்கு மட்டும் வயசாயிட்டே வருது. அழுதுட்டேன்.

அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். உத்துப் பாத்தாரு. அடடா, விரல் வீங்கியிருக்கே, மறுபடி அளக்கணுமேன்னாரு. எனக்கு வந்துச்சே கோவம்!

கெட்டவரு இல்லைங்க. எனக்குக் காய்ச்சல்னா காலேஜுக்கே போக மாட்டாரு. ஆனா பக்கத்துல இருக்கறவளை ஒரு தடவை ஏறெடுத்துப் பாக்கணும்னு தோணாதா ஒரு மனுஷனுக்கு?

இந்த ஊருக்கு என்ன சொல்லிக் கூட்டிட்டு வந்தாரு தெரியுமா? தீவுக்குப் படகு போகுது, கடல் நடுவுல உக்காந்து சூரியன் இறங்கறதைப் பாக்கலாம்னு. நாலு நாளாச்சு. கேட்டா நாளைக்கு, நாளைக்கு. நாளைக்கு சாயங்காலம் ஃப்ளைட்டே வந்துடுச்சு. அடுத்த மாசம் எனக்கு முட்டியில ஆபரேஷன். அப்புறம் படகாவது ஒண்ணாவது.

மணி என்னங்க? மூணரையா? சரி, நான் கிளம்பறேன். படகு நாலு மணிக்கு. ஐயோ, அவரைக் கூப்பிடாதீங்க. காலைல அவரு குளிக்கிறப்போ கீழ ஹோட்டல்காரங்ககிட்ட சொல்லி டிக்கெட் எடுத்துட்டேன். ஒண்ணுதான். தீவுல தங்கிட்டு காலைல வந்துடுவேன்.

இதை உங்ககிட்ட வைங்க. ஸ்கேல்தான், எதிர்க் கடைல வாங்கினேன். வெளிய வந்து நான் எங்கன்னு கேட்டாருன்னா, படகுத்துறைக்குப் போயிருக்காங்கன்னு சொல்லுங்க. விரல் வேணும்னு கேட்டா, ஒண்ணும் சொல்லாதீங்க. ஸ்கேலை மட்டும் குடுங்க.