எண்ணெய்ச் சட்டி வைக்காத வீடு

சுகன்யா: …நீங்க தொறக்காட்டி நா இந்த வாசப்படியிலயே உக்காந்துக்குவனுங்ணா. எனக்கென்ன, கையில முறுக்கு இருக்குது. பொழுதுக்கும் உக்காந்திருப்பேன்.

தண்டாயுதபாணி: தொறந்துதான் கெடக்குதம்மிணி. தள்ளிட்டு வா.

சுகன்யா: ஏனுங்ணா, நாளைக்குத் தீவாளி நோம்பி. இப்படிச் சன்னலச் சாத்திக்கிட்டு, ஒரு லைட்டுக்கூடப் போடாம…

தண்டாயுதபாணி: துக்க ஊடு. அப்படித்தான் இருக்கும்.

சுகன்யா: அதுக்குத்தான வந்தேன். பங்காளி செத்த ஊட்ல இந்த வருசம் எண்ணெய்ச் சட்டி வெக்கக் கூடாது. அக்கம்பக்கத்துலதான் பலகாரம் கொண்டாந்து குடுக்கோணும். இந்தாங்க. முறுக்கு, கச்சாயம், நாலு லட்டு.

தண்டாயுதபாணி: அந்த மேசை மேல வையி.

சுகன்யா: எங்கீங் வெக்கறது? எடமே இல்லையே… ஒண்ணு, ரெண்டு… இதென்னுங்ணா, ஒம்பது சம்படம்?

தண்டாயுதபாணி: பத்து. நல்லம்மாளுது ஸ்டூலு மேல இருக்குது.

சுகன்யா: ஒண்ணையும் தொறந்து பாக்கலையாட்ட.

தண்டாயுதபாணி: பசியில்ல.

சுகன்யா: நாலு நாளாவா?

தண்டாயுதபாணி: நல்லம்மாள் அழுதுட்டுப் போச்சு அம்மிணி. ‘உங்களுக்குன்னு இருந்த ஒரு பங்காளியும் போய்ட்டாரே’ன்னு… அந்தச் சம்படத்த எப்படித் தொறக்கறது?

சுகன்யா: ஏன், அழுதா முறுக்கு நமுத்துப் போயிருமா?

தண்டாயுதபாணி: சிரிக்காத. நீ எதுக்கு இந்த வேலையில வந்தே? ஆர்டர் தலைக்கு மேல இருக்குமே.

சுகன்யா: முடிஞ்சுதுங். பதினாறு நாளு. எறநூத்திப் பத்து கிலோ. பைனான்ஸ்காரங்களுக்கு மட்டும் நூறு பெட்டி, தங்கக் கலர் ரிப்பன் கட்டி. யாரு திங்கறாங்கன்னே தெரியாது. கடைசிப் பெட்டி மூணு மணிக்குப் போச்சு. அடுப்ப அணைச்சேன் பாருங்க… ஊடு ஒரேடியா அமைதியாப் போச்சு. என்னமோ மாதிரி இருந்துச்சு. வந்துட்டேன்.

தண்டாயுதபாணி: எங்க அமைதி? கடைவீதி மைக்கு இங்க வரைக்கும் கத்துது. ‘இன்று ஒரு நாள் மட்டும், இன்று ஒரு நாள் மட்டும்’னு பத்து நாளாக் கத்தறான்.

சுகன்யா: நாளைக்கு நிறுத்திருவாங்க. வேட்டுச் சத்தம்தான் இருக்கும்.

தண்டாயுதபாணி: உன்ற ஊட்டுக்காரரு வந்துட்டாராட்ட இருக்குது.

சுகன்யா: ஆங்?

தண்டாயுதபாணி: காலைல ஏழு மணிக்குப் பல்லு வெளக்கையில பாத்தேன். உங்கூட்டுக் கொடில அவரு நீலச் சட்டை. தண்ணி சொட்டிக்கிட்டு இருந்துச்சு.

சுகன்யா: ஆ… ஆமாங்ணா. ராத்திரி வந்தாரு.

தண்டாயுதபாணி: நாக்பூரு லோடா?

சுகன்யா: ஆமாங். சங்ககிரில லாரிய உட்டுப்போட்டு வந்தாரு. தூங்கறாரு.

தண்டாயுதபாணி: தூங்கட்டும். வண்டி ஓட்டற மனுசனுக்குத் தூக்கந்தான் நோம்பி.

சுகன்யா: அது கெடக்குதுங். நாளைக்குக் காலைல சாப்பாட்டுக்கு எங்கூட்டுக்கு வந்துருங்க. இட்லி, கறிக்கொழம்பு.

தண்டாயுதபாணி: துக்கக்காரன் நோம்பிச் சோறு திங்கறதா? நல்லாருக்குது.

சுகன்யா: செரிங். உங்க பங்காளி, அந்த ஆண்டியண்ணன் எப்ப தவறுனாருன்னு சொன்னீங்க?

தண்டாயுதபாணி: ஆவணில.

சுகன்யா: நல்லம்மாக்காகிட்ட ஆடின்னு சொன்னீங்களாமே.

தண்டாயுதபாணி: ஆடிக் கடைசி. ஆவணி மொதலு.

சுகன்யா: ரெண்டு மாசத்துலயுமா செத்தாரு?

தண்டாயுதபாணி: …இழுத்துக்கிட்டு இருந்துச்சு.

சுகன்யா: என்ன சீக்குங்?

தண்டாயுதபாணி: நெஞ்சு வலி.

சுகன்யா: நெஞ்சு வலி மாசம் தாண்டியா இழுக்கும்?

தண்டாயுதபாணி: என்னம்மிணி, போலீஸ் மாதிரி கேள்வி கேக்கறே? செத்தவனப் பத்தி…

சுகன்யா: இன்னைக்குப் பத்து மணிக்கு எங்கூட்டுக்கு வந்தாருங்ணா.

தண்டாயுதபாணி: யாரு?

சுகன்யா: ஆண்டியண்ணன். மூணு கிலோ முறுக்கு, ரெண்டு கிலோ மைசூர்பாகு. சக்கரை கம்மியாப் போட்டீங்களான்னு ரெண்டு தடவ கேட்டாரு. நீங்கதான போன வருசம் என்ற முறுக்க அவருக்குக் குடுத்து, போன் நம்பரையும் குடுத்தீங்க. சங்ககிரிக்கு லாரி வேலையா வந்தாராம். அப்படியே இங்க வந்து வாங்கிட்டு வாழப்பாடி போறேன்னாரு.

தண்டாயுதபாணி: வீதில யாராச்சும் பாத்தாங்களா?

சுகன்யா: நல்லம்மாக்கா பாத்துது. யாரு கண்ணுன்னு கேட்டுது. ஆர்டர் குடுத்தவருன்னேன்.

தண்டாயுதபாணி: ஐயோ… இங்க வாரேன்னு சொல்லலையா?

சுகன்யா: சொல்லாம? ‘அண்ணன் ஊட்ட எட்டிப் பாத்துட்டுப் போறேன்’னு செருப்பப் போட்டுட்டாரு. இங்க வந்தா வீதியே கூடிருமே. நாந்தான் மறிச்சேன். நீங்க நோம்பிக்குப் பையன் ஊட்டுக்கு, பெங்களூருக்குப் போயிருக்கறீங்கன்னு சொல்லித் தாட்டி உட்டேன்.

தண்டாயுதபாணி: பெங்களூரா…

சுகன்யா: வேறென்ன சொல்றதுங்? கேட்டதும் அவருக்கு நெம்பச் சந்தோசம். ‘நல்லதாப் போச்சு, அண்ணன் தனியாக் கெடப்பாருன்னுதான் வந்தேன்’னாரு.

தண்டாயுதபாணி: அப்படியா சொன்னான்?

சுகன்யா: அப்படித்தாங். எதுக்குங்ணா அந்த மனுசனச் சாவடிச்சீங்க?

தண்டாயுதபாணி: …போன வருசம் ஞாபகம் இருக்குதா உனக்கு?

சுகன்யா: இல்லாம? நீங்களே குனிஞ்சு வாசல்ல கலர்ப்பொடி போட்டீங்க. பூவாம். பூசணிக்காய் மாதிரி இருந்துச்சு.

தண்டாயுதபாணி: சேலம் போயி, ஜவுளிக்கடைல மூணு மணி நேரம் நின்னேன். முட்டுது, மோதுது, ஒருத்தி என்ற கால மிதிச்சுட்டுப் போறா. அன்புக்குச் சட்டை, மருமவ மதுமதிக்குச் சீலை, பேத்திக்குக் கவுனு. கவுனு அளவு தெரியல. பக்கத்துல ஒரு கொழந்த நின்னுச்சு. அதோட ஒசரத்துக்கு எடுத்தேன்.

சுகன்யா: ம்.

தண்டாயுதபாணி: நோம்பியன்னைக்குப் பதினோரு மணிக்குப் போன். ‘அப்பா, ரோடெல்லாம் டிராபிக்கு, மதுமதியோட பிரண்ட்ஸ் எல்லாம் மைசூரு போறாங்க, நாங்களும் போறோம்’னான். செரி சாமின்னேன். அது பரவால்ல. அப்பறம் வெளிய வந்தேன் பாரு… ‘பசங்க வரலீங்களா?’ பால்காரரு, நல்லம்மாள், எதுத்த ஊட்டுக்காரரு. முப்பத்தேழு பேரு கேட்டாங்க அம்மிணி.

சுகன்யா: எண்ணுனீங்களா?

தண்டாயுதபாணி: வேற என்ன வேலை எனக்கு?

சுகன்யா: நானும் கேட்டேன்.

தண்டாயுதபாணி: நீ ரெண்டு தடவ கேட்டே.

சுகன்யா: …இந்த வருசம் அன்பு என்ன சொன்னான்?

தண்டாயுதபாணி: முன்னாடியே சொல்லிட்டான், வரலைன்னு. பெட்டி அனுப்பியிருக்கறான். அதோ, பீரோ மேல.

சுகன்யா: பிரிக்கக்கூட இல்லையே.

தண்டாயுதபாணி: மேல அச்சடிச்சிருக்குது, படி. ‘குடும்பத்துடன் கொண்டாடுங்கள்.’ எந்தக் குடும்பத்தோட பிரிக்கறது?

சுகன்யா: அதனால ஆண்டியண்ணன் கதைய முடிச்சுட்டீங்க.

தண்டாயுதபாணி: துக்கம்னு சொல்லிட்டா யாரும் ஒண்ணும் கேக்கமாட்டாங்க, கதவச் சாத்திட்டுக் கெடக்கலாம்னு நெனச்சேன். இந்தப் பலகாரம் கொண்டாரது… அது சத்தியமா எனக்குத் தோணல. போன வருசம் வெறும் வாயில கேட்டாங்க. இந்த வருசம் சம்படத்தோட வந்து நிக்கறாங்க.

சுகன்யா: அது எப்பிடிங்ணா தெரியாமப் போகும்? பொறந்த கொழந்தைக்குக்கூடத் தெரியும்.

தண்டாயுதபாணி: நா எங்க நோம்பிக்கு ஊட்ல இருந்தேன்? இருபத்தெட்டு வருசம் போர்வெல் வண்டி. மத்தியப் பிரதேசம், ஒடிசா, எங்கெங்கயோ ஓட்டை போட்டுக்கிட்டு. மொறையெல்லாம் எனக்கு வாக்கப்பட்ட ராஜம்மாளுக்குத்தான் தெரியும்.

சுகன்யா: ராஜம்மாக்கா தவறுன வருசம் கொண்டாந்து குடுத்திருப்பமே?

தண்டாயுதபாணி: அந்த நோம்பிக்கு அன்பு என்னையப் பெங்களூருக்குக் கூட்டிட்டுப் போயிட்டான். பத்து நாளு வெச்சிருந்தான். கெட்டவன் இல்ல அவன். அவன் வரலைன்னு சொல்ல எனக்கு என்ன வாயி இருக்குது? நா எத்தன நோம்பிக்கு வந்தேன்?

சுகன்யா: நீங்க வராத நோம்பிக்கு அக்கா என்ன பண்ணும்னு தெரியுங்களா?

தண்டாயுதபாணி: அழுதிருப்பா.

சுகன்யா: அழுவாதுங்.

தண்டாயுதபாணி: அப்பறம்?

சுகன்யா: அக்கா போயி அஞ்சு வருசமாச்சு. இத நா யாருகிட்டயும் சொன்னதில்ல… விடியக்காலம் நாலு மணிக்கு எந்திரிக்கும். பச்சைக் கரை போட்ட உங்க வேட்டி ஒண்ணு இருந்துச்சே, அத எடுத்து, எண்ணெயத் தடவி, சீயக்காப் போட்டு அலசி, கொடில போடும். விடிஞ்சதும் வீதியே பாக்கும். ‘ராத்திரி வந்தாரு, தலைக்குக் குளிச்சாரு, ரெண்டு இட்லி தின்னாரு, விடியறதுக்குள்ள வண்டிக்குத் திரும்பிட்டாரு’ன்னு சொல்லும்.

தண்டாயுதபாணி: நா வந்ததில்லையே.

சுகன்யா: தெரியுங்.

தண்டாயுதபாணி: பத்தொம்பது நோம்பி, அம்மிணி. பத்தொம்பது நோம்பிக்கு நா வரல.

சுகன்யா: அத்தனைக்கும் அந்த ஒரே வேட்டிதாங்.

தண்டாயுதபாணி: இரு… அன்பு? அவனுமா நம்புனான்?

சுகன்யா: சின்னப் புள்ளைங்ணா. வேட்டி ஈரமாத் தொங்கையில நம்பாம என்ன பண்ணுவான்? ‘அப்பா வந்தா என்னைய ஏன் எழுப்பல’ன்னு அழுவானாம். அக்கா சொல்லியிருக்குது. என்னுங்ணா? தண்ணி கொண்டாரட்டுங்களா?

தண்டாயுதபாணி: பத்தாவது படிக்கையில எங்கிட்ட ஒருக்காக் கேட்டான். ‘ஏம்ப்பா, ஒரு தடவகூட என்னைய எழுப்போணும்னு உங்களுக்குத் தோணலையா’ன்னு. எனக்குத் தலையும் புரியல, காலும் புரியல. வண்டி கெளம்பற அவசரம். ‘தூங்கற புள்ளைய எதுக்குடா எழுப்பறது’ன்னு சொல்லிட்டு ஏறிட்டேன்.

சுகன்யா: ஐயோ, அண்ணா…

தண்டாயுதபாணி: அப்பறம் அவன் கேட்டதே இல்ல. வந்தும் எம்மூஞ்சியப் பாக்காமப் போறான் எங்கப்பன்னு… இத்தன வருசமா அப்படியா நெனச்சுட்டு இருக்கறான்?

சுகன்யா: போன் பண்ணிச் சொல்லிருங்க.

தண்டாயுதபாணி: என்னன்னு? நா வரவே இல்லைன்னா?

சுகன்யா: ஆமாங். வரவே இல்லைன்னு. அதுவே மேலுங்ணா.

தண்டாயுதபாணி: …பொழுதோட பண்றேன். பேத்தி பேசுவா. மொதல்ல அவகிட்டப் பேசிட்டு, அப்பறம் அவன்கிட்ட.

சுகன்யா: பண்ணுங்க. இப்ப இந்தக் கச்சாயத்துல ஒண்ணப் பிட்டு வாயில போடுங்க. யாரும் சாவல. எல்லாம் திங்கலாம்.

தண்டாயுதபாணி: …வெல்லம் நல்லா எறங்கியிருக்குது.

சுகன்யா: நாளைக்குச் சாப்பாட்டுக்கும் வந்துருங்க.

தண்டாயுதபாணி: அது வேண்டாம்.

சுகன்யா: இன்னும் என்ன துக்கமுங்? ஆண்டியண்ணன் இந்நேரம் வாழப்பாடில மைசூர்பாகு தின்னுட்டு இருப்பாரு.

தண்டாயுதபாணி: துக்கமில்ல. உன்ற ஊட்டுக்காரரு எத்தன நாளைக்கு அப்பறம் வந்திருக்கறாரு. புருசனும் பொண்டாட்டியும் ரெண்டே பேரு. நிம்மதியா உக்காந்து சாப்புடுங்க. நடுவால நா எதுக்கு?

சுகன்யா: அவரு ஒண்ணும் சொல்லமாட்டாருங்.

தண்டாயுதபாணி: நா சொல்றேன். நோம்பியன்னைக்கு ஊட்டு ஆம்பள ஊட்ல இருக்கறதுன்னா என்னன்னு எனக்கு இப்பத்தான் ஒறைக்குது. அதக் கெடுக்கமாட்டேன். நாலு இட்லிய ஒரு ஏனத்துல போட்டுக் குடுத்து உடு, போதும்.

சுகன்யா: ஏனத்துல எல்லாம் குடுக்கமாட்டேன். வந்து எலையில உக்காந்து சாப்படோணும்.

தண்டாயுதபாணி: பிடிவாதம் பண்ணாத. போயி அவர எழுப்பு. எங்காச்சும் கூட்டிட்டுப் போகச் சொல்லு. பதினாறு நாளு அடுப்புல வெந்திருக்கறே.

சுகன்யா: அண்ணா…

தண்டாயுதபாணி: என்ன?

சுகன்யா: நீங்க வந்துதான் ஆகோணும்.

தண்டாயுதபாணி: இதென்னம்மிணி, கண்ணெல்லாம்… செரி, செரி. இரு, இந்தச் சன்னலத் தொறக்கறேன். இருட்டா இருக்குது.

சுகன்யா: தொறக்காதீங்க.

தண்டாயுதபாணி: ஏன்? இந்தச் சன்னல் சந்துலயே தெரியுது, அந்தச் சட்டை இன்னமும் கொடிலயேவா கெடக்குது?

சுகன்யா: ம்.

தண்டாயுதபாணி: காலைல ஏழு மணிக்குத் தண்ணி சொட்டுச்சு. இந்த வெயிலுக்குப் பத்து மணிக்கே காஞ்சிருக்கோணும். இப்ப மணி நாலரை. இன்னமும் சொட்டுதே, சுகன்யா.

சுகன்யா: ஆர்டர் வாங்க ஆளுக வந்துட்டே இருந்தாங்களேங்ணா… காயக் காய நனைச்சுப் போட்டேன். அவரு வந்து மூணு நோம்பியாச்சு. ராஜம்மாக்கா சொல்லிக் குடுத்ததுதான்… நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு ரெண்டு எல போட்டு வெக்கறேன், வந்துருங்க.